விடாத கை

மாதேஸ்வரியை ஓரிடத்தில் உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரமாட்டாள், வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விடுவாள். டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தால் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். இதைத் தங்கமான குணம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, அவளுக்கு இருப்புக்கொள்ளாது, அவ்வளவுதான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள், வலி எடுக்கிற வரைக்கும் வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள் என்று அவள் புருஷன் மணிகண்டன் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். லாரி ஓட்டுகிறவன் பேச்சில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதி நிஜமாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு நின்றுகொண்டே செய்கிற வேலை வாய்த்தது. இருபது வருஷத்துக்கு மேலாக ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நிற்கிறாள். ஓசூரில் வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கிற நடுத்தரமான ஒரு கம்பெனி. பெயர் எதற்கு, பெயரைச் சொன்னால் மட்டும் அங்கே மின்விசிறி ஒழுங்காகச் சுற்றப் போகிறதா. பிரஸ்ஸைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை: கீழே ஒரு டை, அதாவது இரும்பு அச்சு, மேலே ஒரு டை, நடுவில் தகடு. ஆள் நிற்கிற பக்கம், இந்தக் கைக்கு ஒன்று அந்தக் கைக்கு ஒன்று என்று தள்ளித் தள்ளி இரண்டு பட்டன். இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தால்தான் மேல் டை இறங்கும். கை பட்டனில் இருக்கிறவரை டைக்குள் போக வழியில்லை என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பாதியில் கையை எடுத்தால் டை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இது பட்டன் அழுத்துகிறவளுக்குப் பாதுகாப்பு. எதிர்ப்பக்கம் நின்று, புதுத் தகட்டை உள்ளே வைத்து, அடித்து முடித்ததை வெளியே இழுக்கிற ஹெல்பருக்கு? அவளுக்காக ஒரு காலத்தில் சென்சார் வைத்திருந்தார்கள். கை குறுக்கே போனால் மெஷின் தானாக நிற்கும். அதைக் கழற்றி இன்னொரு மெஷினுக்கு மாட்டிவிட்டு, புதுசுக்கு ஆர்டர் போட்டிருக்கிறது என்றார்கள். போட்டது போட்டபடியே இருக்கிறது. ஆக, எதிர்ப்பக்கம் நிற்கிற கருப்பாயியின் பத்து விரலுக்கும் காவல் மாதேஸ்வரியின் கைகள்தான். கருப்பாயி குரல் கொடுத்தாலோ, தகடு சரிந்தாலோ, சத்தம் வேறு மாதிரி வந்தாலோ மாதேஸ்வரிக்கு யோசனையே கிடையாது, இரண்டு கையும் பட்டனை விட்டு மேலே பறந்துவிடும். கம்பெனிக்குச் சும்மா கிடைத்த சென்சார் அது.

ஓசூர் டீக்கடையில் டம்ளர் பிடிக்கிற கையைப் பார்த்தே யார் பிரஸ் ஷாப் ஆள் என்று சொல்லிவிடலாம். யாருக்காவது ஒரு விரல் பாதியில் நின்றிருக்கும். மாதேஸ்வரியின் மெஷினில் இன்றுவரை ஒருவருக்கும் ஒரு நகம்கூடப் போனதில்லை. அவளுக்கு இருக்கிற பெருமை அது ஒன்றுதான், அதை அவள் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. கருப்பாயி சொல்லுவாள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மத்திகிரியில் மாதேஸ்வரி குடியிருக்கும் அதே காம்பவுண்டில் குடியிருப்பவள். நாலைந்து வயது மூத்தவள். வேறு எந்த மெஷினுக்கும் ஹெல்பராகப் போகமாட்டாள். மாதேஸ்வரி லீவு போட்டால் தானும் லீவு போட்டுவிடுவாள். "எனக்கு அவ கைதேன் பழக்கம்" என்பாள்.

இனி ஏரிக்கு வருவோம்.

மாதேஸ்வரி பிறந்த ஊர், கெலமங்கலத்தைத் தாண்டிப் போனால் ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. அண்ணன் திம்மராயன் அங்கே ராகியும் தக்காளியும் வைக்கிறான். கரையோரம் ஒன்றும் விளையாத களர் நிலம் கொஞ்சம் கிடந்தது. பெங்களூரிலிருந்து ஸ்வாதி என்கிற பெண் அதை வாடகைக்குக் கேட்டு வந்தபோது, கோழிப்பண்ணை போடப்போகிறாள் என்றே திம்மராயன் நினைத்தான். அவளோ ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஆளைவிட நீளமான பலகைகளையும் கலர் கலராகப் படகுப் பாய்களையும் கொண்டுவந்து அடுக்கினாள். ஆடி பிறந்து மேற்கே மலையிடுக்கு வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்ததும், சனி ஞாயிறுகளில் கார்கள் வந்தன. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் பலகையில் ஏறி, பாயைப் பிடித்து, ஏரியின் குறுக்கே போய்ப் போய் விழுந்தார்கள். ஊர் கரையில் நின்று சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வருகிற மாதேஸ்வரி கரையில் நின்று சிரிக்கிற ரகமா? முதல் வாரம் பலகை தூக்கிக் கொடுத்தாள். இரண்டாம் வாரம் பாயை அலசிக் காயப்போட்டாள். அதற்கடுத்த வாரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, விழுகிறவர்களின் பலகையைப் பிடித்துக் கொடுத்தாள். சின்ன வயதில் கிணற்றில் நீந்திப் பழகியவள், தண்ணீர் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. ஒருநாள் ஸ்வாதிதான் கேட்டாள், "நீங்களே ஒருதடவை நின்னு பாருங்கோ அக்கா" என்று. நின்றாள். விழுந்தாள். பொழுது சாய்கிறவரை கரை ஏறவில்லை. அப்போது அவளுக்கு நாற்பத்திநாலு வயது.

பலகைமேல் ஒரு பாய்மரம். பாயின் நடுவில் குறுக்கே ஒரு வளைந்த கம்பு. அதை இரண்டு கையாலும் பிடித்து, காற்றைப் பாயில் வாங்கினால் பலகை ஓடும். காற்று பலமாக அடித்தால் தண்ணீரை விட்டு எழும்பி வழுக்கிக்கொண்டு பறக்கும். அந்த ஓட்டத்தில்தான் மாதேஸ்வரி வாழ்க்கையில் முதல் முறையாகச் சும்மா இருந்தாள். கை வேலை செய்யும், கால் வேலை செய்யும், உள்ளே மட்டும் ஒன்றும் அரிக்காது. இதை அவள் யாரிடமும் விளக்க முயன்றதில்லை. மூன்று ஆடிக் காற்றில் அவள் அந்த ஏரியில் யாரும் துரத்திப் பிடிக்க முடியாத ஆளாகிவிட்டாள். டிராக் பேண்ட், முழுக்கை பனியன், மிதவை ஜாக்கெட், தலையில் ஹெல்மெட் என்று தங்கச்சி போகிற கோலத்தைப் பார்த்து முதலில் முகம் சுளித்த திம்மராயன், பிறகு வெளியூர்க்காரர்களிடம், "அது நம்ம மாதிதான்" என்று சொல்ல ஆரம்பித்தான்.

போதும் என்று நின்றிருக்கலாம். நிற்பாளா? ஸ்வாதி ஒருநாள் போட்ட குட்டிக்கரணத்தைப் பார்த்துவிட்டாள்.

லூப் என்று அதற்குப் பெயர். ஓடுகிற வேகத்தில் ஒரு சின்ன அலையில் பலகையை ஏற்றி மேலே கிளம்ப வேண்டும். கிளம்பியதும் பின்கையால், அதாவது கம்பின் பின்பக்கம் பிடித்திருக்கிற கையால், பாயை வெடுக்கென்று உடம்போடு இழுத்து, முகத்தைத் தோளுக்குப் பின்னால் திருப்ப வேண்டும். அப்போது காற்று பாயைத் தள்ளி, பாயையும் பலகையையும் ஆளையும் ஒரே உருண்டையாகச் சுற்றிப் புரட்டித் தண்ணீரில் மறுபடி நிறுத்தும். இருபது வயதுப் பிள்ளைகளே வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிற விஷயம். ஸ்வாதி சொன்ன சட்டம் ஒன்றே ஒன்றுதான். "தண்ணி வர்ற வரைக்கும் கையை விடவேகூடாது அக்கா. விட்டாதான் அடி."

மாதேஸ்வரி விட்டாள். ஒவ்வொரு முறையும் விட்டாள். மேலே கிளம்புவாள், பின்கை இழுக்கும், உலகம் சாய ஆரம்பிக்கும், பாய் படபடவென்று அடிக்கும்; அவ்வளவுதான், கை காலியாகிவிடும். முதுகடியாக விழுவாள். ஒருமுறை பாய்மரம் ஹெல்மெட்டில் மோதி ஒரு வாரம் காது இரைந்தது. வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. துணி மடித்துக்கொண்டே எழுந்துபோய் வாசலில் நிற்பாள், திரும்பி வந்து மடித்ததையே மறுபடி மடிப்பாள். "நாப்பத்தேழு வயசுல குட்டிக்கரணம் போடலன்னு யாரு அழுதா?" என்றான் மணிகண்டன். "நான்தான் அழறன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆடி முதல் ஞாயிறு, ஸ்வாதி கரையிலிருந்து செல்போனில் படம் பிடித்து, கொட்டகை நிழலில் வைத்து மெதுவாக ஓட்டிக் காட்டினாள்.

"இங்க பாருங்கோ. பயந்தா எல்லாருக்கும் பின்கைதான் விடும். முன்கை பிடிச்சுட்டே இருக்கும். நீங்க ரெண்டையும் விடறீங்க. ஒரே நேரத்துல. இப்படி யாருமே விட்டு நான் பாத்தது இல்ல."

மாதேஸ்வரி பார்த்தாள். ஆகாயத்தில் அவள் சாய்கிறாள், பாய் ஒரு அடி அடிக்கிறது, இரண்டு உள்ளங்கையும் ஒரே கணத்தில் விரிந்து மேலே எழுகின்றன. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்வாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அது பயம் இல்ல கண்ணு. அது டூட்டி" என்றாள் மாதேஸ்வரி. "சத்தம் மாறுனா கைய எடுக்கோணும். எங்களுக்கு அதான் வேல."

காரணம் தெரிந்தால் தீர்வும் தெரிந்த மாதிரிதானே. இங்கேதான் அவள் தன் மூளையைக் கொஞ்சம் அதிகமாகவே உபயோகித்துவிட்டாள். சத்தத்துக்குக் கை விடுகிறது என்றால், சத்தத்துக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் போயிற்று. வீட்டு வராந்தாவில் துணி காயப்போடுகிற இரும்புக் குழாயைப் பிடித்துத் தொங்குவாள். மணிகண்டன் லோடு இல்லாமல் வீட்டில் இருக்கிற நாட்களில், பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடிக்க வேண்டும், சும்மா சும்மா "ஏய்" என்று கத்த வேண்டும். கை விடக்கூடாது. ஆரம்பத்தில் தட்டு சத்தத்துக்குப் பழுத்த பப்பாளி மாதிரி தொப்பென்று தரையில் விழுந்தாள். மணிகண்டனுக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. பெண்டாட்டியைப் பார்த்துக் கத்துவதற்குப் பெண்டாட்டியே கொடுத்த லைசென்ஸ். காம்பவுண்டில் குடியிருப்பவர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். கருப்பாயி மட்டும் படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். மணிகண்டன் இல்லாத நாளில் தட்டு அடித்தவளும் அவள்தான். "புடிச்சுக்கத்தா, விட்றாத" என்று உற்சாகம் வேறு.

நாளாக நாளாகக் கை பழகியது. தட்டு சத்தம் கேட்டால் விரல்கள் குழாயை இன்னும் இறுக்கின. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் கம்பியைப் பிடித்த கை நெரித்தது. பின்னால் யாராவது பட்டாசு போட்டால் கையிலிருந்த தூக்குவாளியின் பிடி உள்ளங்கையில் பதிந்தது. ஏரியிலும் வித்தியாசம் தெரிந்தது. முக்கால் சுற்று வரை இப்போது கை இருந்தது. "அடுத்த வாரம் ஆயிடும் அக்கா" என்றாள் ஸ்வாதி. மாதேஸ்வரிக்கு அந்த அடுத்த வாரம் வருகிற வரைக்கும் தரையில் கால் பாவவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை, காலை ஷிஃப்ட். அடித்த தகடு ஒன்று மேல் டையில் ஒட்டிக்கொண்டது. கருப்பாயி காந்தக் கோலால் தட்டி அதை எடுத்து, அடுத்த தகட்டை வைத்து, "போடு" என்றாள். மாதேஸ்வரி இரண்டு பட்டனையும் அழுத்தினாள். டை இறங்க ஆரம்பித்தது. வைத்த தகடு லேசாக நழுவியதைப் பார்த்த கருப்பாயி, பழக்க தோஷத்தில், எதிரே நிற்பது மாதேஸ்வரிதானே என்கிற தைரியத்தில், கையை உள்ளே விட்டுத் தகட்டைத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே, "ஏய்" என்று குரல் கொடுத்தாள்.

மாதேஸ்வரியின் கைகள் பட்டனை இன்னும் அழுத்தின.

டை நிற்கவில்லை. கருப்பாயி கையை உருவினாள். விரல்கள் வந்தன, கிளவுஸ் வரவில்லை. டை கீழே போய் முட்டி நின்றபோது, அதன் இடுக்கில் கிளவுஸின் நுனிகள் அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடந்தன. மாதேஸ்வரியின் கைகள் அப்போதும் பட்டனிலேயே இருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாதவளின் கைகளைப் பார்ப்பது போலிருந்தது.

கருப்பாயி சிரித்தாள். "ஏந் தப்புத்தேன், ஏந் தப்புத்தேன்" என்றாள், விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டு. சூப்பர்வைசர் மோகன்குமார் ஓடிவந்தான். சின்ன வயசுக்காரன், கெட்டவனில்லை, ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவன். மெயின்டெனன்ஸ் ஆளை வரவழைத்துப் பட்டனைச் சோதிக்கச் சொன்னான். பட்டனில் குறையில்லை, கையை எடுத்தால் நிற்கிறது என்று அவர் செய்து காட்டினார். உடனே மோகன்குமார் கருப்பாயி பக்கம் திரும்பினான்.

"போடுன்னு சொல்லிட்டு எதுக்கு உள்ள கைய விட்டீங்க? இது மெமோ குடுக்கற கேஸ், தெரியும்ல?"

"அவங்களுக்கு எதுக்கு சார் மெமோ" என்றாள் மாதேஸ்வரி. "அவங்க கொரல் குடுத்தாங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் கைய எடுக்கல."

"கேட்டுமா எடுக்கல? ஏங்க்கா, கை வலியா? மரத்துப் போச்சா?"

"அதெல்லாம் இல்ல சார். கை நல்லாதான் இருக்குது. விடாம புடிக்கறதுக்குப் பழக்கிட்டன்."

தட்டு, குழாய், ஏரி எல்லாவற்றையும் சொன்னாள். மோகன்குமார் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நசுங்கிய கிளவுஸைப் பார்த்தான். மெமோ பேச்சை அதோடு விட்டுவிட்டான்.

"அந்த வெளையாட்ட நிறுத்துங்கக்கா. பழைய மாதிரி ஆயிடும். உங்களாட்டம் கை இந்த ஷாப்ல யாருக்கு இருக்குது?"

"ஆவலன்னா?"

"ஆவலன்னா இன்ஸ்பெக்ஷன்ல உக்காருங்க. சேர் போட்டு, ஏசி பக்கத்துல. ஆனா பிரஸ் அலவன்ஸ் கெடையாது. திங்கக்கெழம சொல்லுங்க."

"சென்சார் எப்ப சார் வரும்?"

"ஆர்டர் போட்டிருக்குக்கா" என்றான் மோகன்குமார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்று சாயந்திரம் டவுன் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வந்தார்கள். மத்திகிரி கால்நடைப் பண்ணை தாண்டியதும் கருப்பாயி வாயைத் திறந்தாள்.

"நீ அந்தச் சேருக்குப் போயிட்டீன்னா நான் வேற யாருகிட்டத்தா நிப்பேன்? எந்த மெஷின்ல போயி நிப்பேன், சொல்லு."

நியாயம் முழுக்க கருப்பாயி பக்கம். ஏரியை விட்டுவிடு, தட்டை அலமாரியில் வை, பழைய கையைத் திரும்ப வரவழை, கருப்பாயியின் விரல்களுக்குக் காவல் நில். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், மாதேஸ்வரியையே கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். ஆனால் அவளுக்கு அந்தச் சுற்று வேண்டும். காசுக்கில்லை, பெயருக்கில்லை. வேண்டும், அவ்வளவுதான். இந்த வயதில் ஒரு பொம்பளைக்கு இப்படி ஒன்று வேண்டியிருக்கிறது என்பதே அவளுக்கு அசிங்கமாகவும் இருந்தது, விடவும் முடியவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அரைச் சம்பள லீவு போட்டாள். கருப்பாயியும் போட்டாள். வீட்டில் பாத்திரமெல்லாம் இறக்கித் தேய்த்தாள், கேஸ் அடுப்பைக் கழற்றிக் கழுவினாள், பக்கத்து வீட்டுக்காரியின் ஜன்னலைக்கூடத் துடைத்தாள். ஹாஸ்டலில் இருக்கும் மகள் சௌமியா போன் செய்தபோது பேசிக்கொண்டே காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். "ஏம்மா மூச்சு வாங்குது?" என்றாள் மகள். "மாவு பெசையறன்" என்று பொய் சொன்னாள். சனிக்கிழமை கடைத்தெருவில் நின்று ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தாள்.

ஞாயிறு காலை கெலமங்கலம் பஸ்ஸில் போகும்போது ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். இன்றைக்கு ஒரே ஒருமுறை. மேலே போனதும் கை விட்டால், பழைய கை இன்னும் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். பலகையைக் கொட்டகையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும், திங்கட்கிழமை கருப்பாயிக்கு எதிரே நிற்க வேண்டும். விடாவிட்டால் இனி பட்டனில் கை வைக்கக்கூடாது. சாமியிடம் பூக் கேட்கிற மாதிரி இதைத் தன் கையிடம் கேட்பது என்று முடிவு செய்தாள். எந்தப் பதில் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

காற்று என்றால் அன்றைக்குத்தான் காற்று. திம்மராயனின் தக்காளிக் குச்சிகள் பாதி சாய்ந்து கிடந்தன. ஏரி வெள்ளை வெள்ளையாகப் பொங்கியது. பெங்களூர்ப் பிள்ளைகள் பாயைச் சுருட்டிவைத்துவிட்டுக் கொட்டகைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு வேண்டாம் அக்கா, ஜாஸ்தி" என்றாள் ஸ்வாதி.

"ஒரு ஓட்டம். அப்புறம் நான் கேக்கமாட்டன்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, ஸ்வாதி சின்னப் பாயாக ஒன்றை எடுத்து மாட்டிக் கொடுத்தாள். தானும் மீட்புப் படகை அவிழ்த்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

மாதேஸ்வரி கரையோரம் ஒட்டி ஓடி, திரும்பி, காற்றை முழுசாக வாங்கிக்கொண்டு நடு ஏரிக்கு வந்தாள். எதிரே ஒரு அலை சரிவாக எழுந்தது. யோசிக்க நேரம் கொடுக்காமல் பலகையை அதில் ஏற்றினாள். தண்ணீரின் சத்தம் அறுந்தது. பின்கை இழுத்தது. முகத்தைத் திருப்பினாள். கரை சாய்ந்தது, மலை தலைகீழாக ஆனது, பாய் காதருகில் தகடு கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

கை விடவில்லை.

சத்தம் கேட்டதும் விரல்கள் தாமாகவே நெரித்தன. கம்பு அவளை இழுத்தது, அவள் கம்போடு போனாள், வானமும் தண்ணீரும் இடம் மாறி மாறி வந்தன, பிறகு முதுகில் ஏரி அறைந்தது. கண் திறந்தபோது அவள் பாதித் தண்ணீரிலும் பாதி பலகையிலுமாகக் கிடந்தாள், கால்கள் பலகையில் மாட்டிய வாரில், கைகள் கம்பில். பாய் மறுபடி காற்றை வாங்கி அவளைத் தூக்கி நிறுத்தியது. பலகை ஓடியது. அவளுக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி சந்தோஷம் வந்தது. வாழ்க்கையில் எதற்குமே அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, மகள் பிறந்தபோதுகூட இல்லை. பெற்ற வயிறு இதைச் சொல்லக்கூடாது, ஆனால் அதுதான் உண்மை. கூடவே அழுகையும் வந்தது. ஓடிக்கொண்டே ஓவென்று அழுதாள். ஏரி நடுவில் யார் கேட்கப் போகிறார்கள்.

கரை ஏறியதும் ஸ்வாதி கட்டிப்பிடித்துக்கொண்டாள். டீ குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விசில் அடித்தார்கள். இன்னொருமுறை போகலாமா என்று ஸ்வாதி கேட்டதற்கு மாதேஸ்வரி தலையாட்டவில்லை. கம்பைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிய நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை ஷிஃப்ட்டுக்கு அரை மணி முன்னால் போய் மோகன்குமாரிடம் சொன்னாள்.

"என் கைய நம்பி இனி யாரையும் நிறுத்தாதீங்க சார். இன்ஸ்பெக்ஷன் போட்டுடுங்க. சென்சார் வர்ற வரைக்கும் அந்த மெஷின ஓட்டாதீங்க, அதயும் சொல்லிட்டன்."

"மேல சொல்லிப் பாக்கறேங்க்கா" என்றான் அவன். ஓட்டாமல் எப்படி, அந்த வாரம் சரக்கு டிஸ்பாட்ச் இருந்தது. சங்கு ஊதுவதற்குள் வேறு ஆளைப் போட்டாயிற்று, தமிழரசன் என்று ஒருவன், இரண்டாவது ஷிஃப்ட்டில் இருந்தவன். பொறுப்பானவன்தான். ஆனால் இந்த ஷிஃப்ட்டில் யாருக்கும் அவன் கை பழக்கமில்லை.

கருப்பாயி புதுக் கிளவுஸை வாங்கிக்கொண்டு ஸ்டோரிலிருந்து வந்தாள். மெஷினிடம் போகாமல் நேராக இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு வந்து நின்றாள். மாதேஸ்வரி சேரில் உட்கார்ந்திருந்தாள், முன்னால் ஒரு டிரே நிறைய தகடு, கையில் அளவு பார்க்கிற கேஜ்.

"நேத்து சுத்திட்டியா?"

"சுத்திட்டன்க்கா."

"கை விடல?"

"விடல."

கருப்பாயி அவள் கைகளைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று மாதேஸ்வரி எதிர்பார்த்தாள், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். கருப்பாயி கோபப்படவில்லை.

"தட்டு அடிச்சுப் பழக்குனது நாந்தேன" என்றாள். கிளவுஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிரஸ்ஸின் எதிர்ப்பக்கம் போய் நின்று, தகட்டை வைத்து, "போடுங்க தம்பி" என்றாள். தமிழரசன் பட்டனில் கை வைத்தான். டை இறங்குவதற்கு முன்னால் கருப்பாயி இரண்டடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக் கட்டிக்கொண்டாள். டை ஏறிய பிறகுதான் கையைப் பிரித்தாள். அடுத்த தகடு, மறுபடி பின்னால் நகர்ந்தாள், மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி நின்று மாதேஸ்வரி பார்த்ததில்லை.

ஒரு தகட்டை எடுத்து அளந்தாள். அடுத்ததை எடுத்தாள், என்ன அளந்தோம் என்று தெரியவில்லை. மறுபடி அளந்தாள். பிறகு சேரைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டாள்.